காக்ஸ் டவுன் தேனீப் பெட்டி

8.3.97 சனி

வெயில் ஏறுவதற்குள் பாத்திரமெல்லாம் கட்டியாயிற்று. என் வீட்டுக்காரரும் (ஜெ.) அவர் அண்ணன் தம்பிகளும் காக்ஸ் டவுன் பூர்வீக வீட்டை விற்றுவிட்டார்கள். எங்களுக்கு அல்சூரில் வாடகை வீடு. பாக்கி: கொடிக்கயிறு, இஸ்திரிப் பெட்டி, தேனீப் பெட்டி.

பொழுது சாய்ந்து தேனீக்கள் எல்லாம் அடைந்த பிறகு ஜெ. பெட்டி வாசலைத் துணியால் அடைத்தார். ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டார். பிள்ளைகளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோதுகூட இவ்வளவு பத்திரம் இல்லை இந்த மனுஷர்.

9.3.97 ஞாயிறு

மொட்டை மாடியில் பெட்டி. காலையில் துணியை எடுத்ததும் குபுகுபுவென்று கிளம்பின. சாயங்காலம்வரை பாதிகூடத் திரும்பவில்லை. உள்ளே ராணியும் குஞ்சுகளும் கொஞ்சம் தேனீக்களும் மட்டும். இப்படியே போனால் பெட்டி செத்துவிடுமாம். மூன்று கிலோமீட்டராவது தள்ளி வைத்திருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே பறந்துவிடுமாம். இது இரண்டுகூட இல்லை. இப்போது சொல்கிறார்!

பழைய வீட்டுத் தேன், கடைசி பாட்டில். காய்ச்சாதது. புங்கம்பூ வாசனை. ரொட்டியில் தடவிக் கொடுத்தேன், ஜெ. தொடவில்லை. நான் விரலால் வழித்துத் தின்றேன். முதல் வருஷம் கொட்டு வாங்கி, ஒரு கண் வீங்கி மூடியபடியே கோயில் பாடகர் குழுவில் நின்று பாடினார். அந்த வீட்டில் எவ்வளவு சிரித்திருக்கிறோம். ஏக்கமாக இருக்கிறது.

10.3.97 திங்கள்

பள்ளி விட்டதும் பழைய வீட்டுக்கு. கேட்டையும் கூரை ஓடுகளையும் கழற்றியாயிற்று. இடிக்க வந்த மேஸ்திரி: "டீச்சரம்மா, உங்க ஈங்க பின்னாடி சுவத்துல கொத்தா குந்தினு இருக்குது. ஆளுங்க கிட்ட போவ மாட்றாங்க. மருந்தடிச்சிடட்டுமா?"

"ஐயோ, வேணாம்ப்பா! அந்த ஒரு சுவரை மட்டும் நாளைக்கு இடிங்க."

ஜெ.க்குப் போன். பெட்டியோடு ஓடி வந்தார். பழைய இடத்திலேயே வைத்தார். இருட்டுவதற்குள் எல்லாம் உள்ளே. "அறிவு கெட்டதுங்க," என்று திட்டினார். மறுபடி வாசலைத் துணியால் அடைத்தார்.

அப்படியே பெட்டி ஊருக்கு வெளியே ஹொஸ்கோட்டேக்கு, அவர் ஆபீஸ் நண்பரின் தோட்டத்துக்கு. ஒரு மாதம் அங்கே. பழைய வழி மறந்த பிறகு அல்சூர்.

12.3.97 புதன்

நண்பர் போன் செய்தார். மகரந்தம் சுமந்து வருகின்றனவாம். அப்பாடா, பிழைத்தன.

ஐந்தரைக்கு வர வேண்டிய ஜெ., ஏழு மணிக்கு வந்தார். வாசலில் நின்று நின்று எனக்குக் கால் கடுத்துவிட்டது.

"எங்கேங்க போனீங்க?"

செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பழைய ஸ்டாப்லயே இறங்கிட்டேன், மேரி. ஏதோ யோசனை. கேட்டைத் திறக்கக் கையை நீட்டுறேன்... கேட்டே இல்ல."