பாலத்தோடு திரும்பச் சொன்ன பஸ்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். போன மாதம் நீ போன் செய்தபோதெல்லாம் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், சளி என்று சொல்லித் தப்பித்தேன். சளியெல்லாம் இல்லை. போனில் சொன்னால் பாதியில் உடைந்துவிடுவேன் என்று பயந்து இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா வேலைக்குப் போகும் ஐந்தே கால் மணி பஸ் உனக்கு நினைவிருக்கும். நம் ஊரில் கிளம்பி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பக்கத்து ஊர் பெரிய ஆஸ்பத்திரி வரை போகுமே, அதுதான். ஓடும் தூரத்தைப் பார்த்து இரண்டு நகராட்சியும் பங்கு போட்டு அதை நடத்துகின்றன. தூரத்தில் முக்கால்வாசி அக்கரையில் இருப்பதால் செலவிலும் முக்கால்வாசி அவர்கள் தலையில். இந்த வருஷம் அவர்களுக்குக் கை இறுகிவிட்டது. ஏறுவதெல்லாம் உங்கள் ஊர்க்காரர்கள், பணம் கட்டுவது நாங்களா, அடுத்த மாதத்திலிருந்து பஸ் பாலத்தோடு திரும்பட்டும் என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள். பாலத்திலிருந்து ஆஸ்பத்திரி ஐந்து கிலோமீட்டர். ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நிற்க வேண்டிய மனிதர் அந்தக் காலை வைத்துக்கொண்டு எப்படி நடப்பார், நாலு நாள் தாமதமானால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

அந்தக் கடிதம் வந்து விழுந்தது என் மேஜையில்தான். நம் நகராட்சிப் போக்குவரத்துப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக நான்தானே ஆட்களை எண்ணுகிறேன், இந்த முறையும் என்னையே எண்ணச் சொன்னார்கள். மூன்று நாள் காலையில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அட்டையும் பென்சிலுமாக நின்று எண்ணினேன். நம் பக்கம் ஏறுகிறவர்கள் அறுபது பேர், பாலம் தாண்டி ஏறுகிறவர்கள் ஒன்பது பேர். அவர்கள் சொன்னது அப்படியே சரி. தாளைப் பார்த்ததும் எங்கள் மேலாளர், லீவு கேட்டால் பாதியை வெட்டிவிடுவார் என்று நாங்கள் கத்திரிக்கோல் என்போமே, அவர் கதவைச் சாத்திவிட்டு, "இதை அப்படியே திருப்பிப் போடுங்கம்மா, அக்கரையில அறுபது, நம்ம பக்கம் ஒன்பது, யாரு போய் எண்ணப் போறாங்க" என்றார். நான் தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் சொன்னால் அப்பா அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். உன் அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "போட்டுட்டுப் போயேன், யார் குடி முழுகப் போகுது, எனக்காக ஒரு எழுத்தைக்கூட மாத்தமாட்டியா" என்று கேட்டார். அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சில் தைத்துவிட்டது. இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

என்னைப் பெரிய யோக்கியக்காரி என்று நினைக்காதே. ஒரு சாயங்காலம் எல்லோரும் போன பிறகு எண்களைத் திருப்பி என் கையாலேயே ஒரு தாள் எழுதினேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கரைக்காரர்கள் ஒரே ஒரு ஆளை ஒரே ஒரு நாள் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் குட்டு உடைந்துவிடும், அப்புறம் நம் ஊர் சொல்லும் எந்தக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள், பஸ்ஸும் போகும் மானமும் போகும். பாதி நேர்மை, பாதி பயம், கிழித்துப் போட்டேன். மறுநாள் திரும்பவும் பஸ்ஸில் ஏறி, இந்தத் தடவை யார் எங்கே இறங்குகிறார்கள் என்று எழுதினேன்.

இதைப் பேசி முடிவெடுக்க இரண்டு நகராட்சியும் கூடிய கூட்டம் அக்கரை அலுவலக மாடியில் நடந்தது. எனக்கு நாற்காலி இல்லை, சுவரோரம் நின்றேன். அறுபது, ஒன்பது என்று நான் வாசித்ததும் கத்திரிக்கோலின் பேனா அப்படியே நின்றது. அவர்களுடைய நிதிக்குழுக்காரர் சிரித்தார், "நாங்க சொன்னதைத்தானே நீங்களும் சொல்றீங்க, அப்புறம் எதுக்கு கூட்டம்" என்றார். அதோடு விட்டாரா, "உங்க வீட்டுக்காரரும் இந்த பஸ்லதான் வர்றாராமே" என்றும் கேட்டார். அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. "ஆமாங்க, அந்த அறுபதுல அவரும் ஒருத்தர், உங்க ஆஸ்பத்திரி விரிப்பைத் துவைக்கத்தான் வர்றாரு" என்றேன். பிறகு இரண்டாவது தாளை வாசித்தேன், அறுபதில் நாற்பத்து நாலு பேர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிறார்கள், வார்டு கூட்டுகிறவர்கள், சமையல்காரர்கள், நர்சுகள். அங்கே அழைக்கப்பட்டு வந்திருந்த ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் இதைக் கேட்டதும், "இந்த பஸ் நின்னா ஏழு மணி ஆபரேஷனுக்கு யாரு தியேட்டரைக் கழுவி வைப்பாங்க, நீங்க வர்றீங்களா சார்" என்று நிதிக்குழுக்காரரைக் கேட்டார். அவர் சிரிப்பு நின்றது. அதற்கு மேலும் இரண்டு மணி நேரம் இழுத்தார்கள். கடைசியில் ஆறு மாதத்துக்குச் செலவில் ஆளுக்குப் பாதி, பஸ் ஆஸ்பத்திரி வரை போகும், அதன் பிறகு திரும்ப எண்ணிப் பார்த்து முடிவு செய்வது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் மதியம் ஓடும் இரண்டு நடையை வெட்டிவிட்டார்கள். நோயாளிகளைப் பார்க்கச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் அதில்தான் போவார்கள், அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

மறுநாள் காலையிலேயே என்னைப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றி உத்தரவு வந்தது. அங்கே தூசியும் நானும்தான். என் இடத்தில் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், ஆறு மாதம் கழித்து அவர்தான் எண்ண வேண்டும், கத்திரிக்கோல் திருப்பிப் போடு என்றால் என்ன செய்வாரோ தெரியவில்லை.

உத்தரவை அப்பாவிடம் காட்டினேன். மறுநாள் கிளம்பும்போது, பழைய நோட்டு ஏதாவது இருந்தால் கொடு என்றார். அன்றிலிருந்து தினமும் கண்டக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் எழுதிக்கொண்டு வருகிறார், சாயங்காலம் நான் வந்ததும், நாளைக்கு எழுதக் கோடு போட்டுத் தா என்று என் முன்னால் நீட்டுகிறார். போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை, மொத்தமே முப்பத்தெட்டு பேர். எனக்கு வாய் சும்மா இருக்குமா, "மழைநாள்தானே, ஒரு பத்து கூடப் போட்டா என்ன" என்று கேட்டுவிட்டேன். என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு, "முப்பத்தெட்டுன்னா முப்பத்தெட்டுதான்" என்று நோட்டை மூடிவிட்டார். நான் அடுப்படிக்குள் போய்த்தான் சிரித்தேன், கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

நீ எங்கே இருந்தாலும் உடம்பாலும் மனசாலும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்க வேண்டும். ஒன்றை மறக்காதே, போனில் அப்பாவிடம் நோட்டைப் பற்றிப் பாராட்டிக் கீராட்டி வைக்காதே, வெட்கப்பட்டு எடுத்து உள்ளே வைத்துவிடுவார். இன்னும் ஐந்து மாதம் எழுத வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பழைய கோப்புகளின் நடுவிலிருந்து,
உன் அம்மா