மருந்துக்கடைக்காரர் படம் பற்றிச் சில கருத்துகள்

நாகலூர்,
5 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய புவனேஸ்வரி அம்மா அவர்களுக்கு,

சந்திரசேகர் எழுதுவது. இங்கே நலம். உங்கள் நலமும், பேத்தியின் நலமும், பிரசவத்துக்குப் பின் மருமகள் பானு தேறிய செய்தியும் அறிய விருப்பம். இக்கடிதத்தில் எழுத இருப்பவை:

1. உங்கள் வீட்டு விவரம்.
2. ருமேனியப் படம்.
3. கொரியப் படம்.
4. படம் பார்ப்பதில் உங்கள் வழக்கம் பற்றி ஓர் ஆட்சேபம்.

முதலாவது. சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அவ்வப்போது திறந்து, கூட்டி, ஜன்னல்களைத் திறந்துவைக்கிறேன். பின்பக்கம் மிளகுக் கொடியில் சரம் நன்றாகப் பிடித்திருக்கிறது. குரங்குகள் கூரையில் ஓடுகளை நகர்த்திவிட்டன. ஆள் வைத்துச் சரிசெய்தாயிற்று. நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி உங்கள் டிவியிலேயே படம் பார்க்கிறேன். என் மனைவி காலமான பிறகு ‘டிவி சும்மாதானுங்க கெடக்குது, வந்து பாருங்க’ என்று நீங்கள் கூப்பிட்டதால் வந்த பழக்கம் இது. உங்கள் நாற்காலியில் உட்காருவதில்லை. பழையபடி ஜன்னலோர ஸ்டூலில்தான்.

இரண்டாவது. ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தைப் பூட்ட உத்தரவோடு வரும் பெண் அதிகாரி, கையெழுத்துப் போட வேண்டியவர் வராததால் நாள் முழுக்கக் காத்திருக்கிறார். அவ்வளவுதான் கதை. கேமரா ஒரு மூலையில் நின்றால் நகர்வதே இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. தபால் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே வேலைக்காலத்தைக் கழித்தவனுக்குக் காத்திருக்கும் முகங்கள் பிடிப்பதில் வியப்பில்லை. ஆகவே என் பாராட்டில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது. அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பழுது பார்ப்பவன் காணாமல் போகிறான். முதல் பாதி அபாரம். ரத்தமே இல்லை, லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்ற சிவப்பு எண்ணைக் காட்டியே பயமுறுத்துகிறார்கள். இரண்டாம் பாதியில் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறார். நம் பழைய படங்களில் கடைசியில் போலீஸ் வருவதுபோல அங்கே விளக்கம் வருகிறது.

நான்காவது. இதை நேரில் சொல்ல நெடுநாளாகத் தயங்கினேன். நீங்கள் எந்தப் படத்திலும் கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் தொடக்கத்துக்குப் போகிறீர்கள். இயக்குநர் இரண்டு மணி நேரம் கட்டிக்காத்ததை இப்படிப் பிரித்துப் பார்ப்பது சரியில்லை என்பது என் தாழ்மையான கருத்து. தவறாகவும் இருக்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
மு. சந்திரசேகர்

அடிவாரம்,
14 ஜனவரி 2025

போஸ்ட்மாஸ்டர் சாருக்கு,

பொங்கல் வாழ்த்துங்க. நான் பேசற மாதிரிதான் எழுதுவேன், கோவிச்சுக்காதீங்க. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்சு, மருந்துச் சீட்டைத் தவிர என்னத்தை எழுதுனேன்?

பாப்பா நொம்ப நல்லாருக்கா. மத்தியானம் அவ தூங்கற நேரத்துல போன்ல படம் பாக்கறேன். கொரியாப் படமும் பாத்தேன், கடைசியைத்தான் முதல்ல. அதனாலதான் ஆரம்பத்துல அந்த வாட்ச்மேன் டீ வாங்கறப்பவே அவன் கை நடுங்கறது எனக்குத் தெரிஞ்சுது. நீங்க பாத்தீங்களா? யாரு, யாருன்னு தேடிட்டே இருந்திருப்பீங்க, கையைப் பாத்திருக்க மாட்டீங்க. முடிவு தெரிஞ்சாத்தானுங்க மனுசன் மூஞ்சியை நிதானமாப் பாக்க முடியும்.

உங்க கடுதாசி வந்தா பானுவுக்கு ஒரே சிரிப்பு. “ஏனுங்கத்தை, பஸ் ஏறுனா மலை எறங்கி வந்தர்ற மனுசன், எதுக்குங்க ஸ்டாம்பு ஒட்டறாரு?”ங்கறா. “அவரு வாய்லயும் ஒரு ஸ்டாம்பு ஒட்டியிருக்குது கண்ணு”ன்னேன்.

ஒரு சேதி இருக்குதுங்க. நேத்து யுவராஜ் சொல்றான்: “எம்மா, அப்பா போனதுல இருந்து அந்த ஊட்ல நீ ஒண்டியாத்தான கெடந்த? ஹோம்ஸ்டே நடத்தறவரு ஒருத்தரு கேக்கறாரு. அஞ்சு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டு எங்ககூடவே இருந்துக்கோ.” பாசமாத்தான் சொல்றான். மாசி பொறந்ததும் கையெழுத்துப் போடோணுமாம். எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது. நீங்க என்ன சொல்றீங்க?

புவனேஸ்வரி

அந்த நாற்காலியில உக்காருங்க சார். கடிக்காது.

நாகலூர்,
22 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய புவனேஸ்வரி அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வரிசை: 1. வாட்ச்மேனின் கை. 2. வீடு. 3. அர்ஜென்டினாப் படம்.

கொரியப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். கை நடுங்கத்தான் செய்கிறது. முதல் தடவை நான் டீக்கடைப் பெண்மணியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இருந்தாலும் என் ஆட்சேபத்தை முழுவதுமாகத் திரும்பப் பெற மனம் வரவில்லை.

வீடு பற்றி. யோசித்துப் பார்த்ததில் நன்மைகள்: வீடு பூட்டிக் கிடக்காது, மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சணம் பூக்காது, மகன், மருமகள் அருகிலேயே இருப்பீர்கள், முழங்கால் வலிக்கு அடிவாரத்து வெயில் நல்லது. தீமைகள்: வருகிறவர்கள் சுவரில் ஆணி அடிப்பார்கள், மிளகுக் கொடியைக் கவனிக்க மாட்டார்கள், சனி, ஞாயிறுகளில் பாட்டுச் சத்தம் இருக்கும். எடைபோட்டால் நன்மையே அதிகம் என்று தோன்றுகிறது. என் சௌகரியத்தை இதில் சேர்க்க வேண்டாம். படம் பார்க்க என்னிடமும் போன் இருக்கிறது. யுவராஜ் சொல்வது முறையானதுதான்.

அர்ஜென்டினாப் படத்தை அவசியம் பாருங்கள். துறைமுக ஊரில் வயதான மருந்துக்கடைக்காரர். எதிர்த்தெருவில் இருக்கும் விதவைப் பெண்மணி ரத்த அழுத்த மாத்திரைக்கு மாலைதோறும் வருகிறார். அவரிடம் சொல்ல ஒரு வாக்கியத்தைக் கடைக்காரர் படம் முழுக்கத் தயார் செய்கிறார். பெண்மணி ஊரைவிட்டுப் போகும் நாளிலும் மாத்திரையைக் கொடுத்து, மீதிச் சில்லறையையும் கொடுத்து, ஷட்டரை இறக்கிவிடுகிறார். திரை இருளுகிறது. அண்மையில் பார்த்தவற்றில் மிக நேர்மையான முடிவு இதுதான். பெரும்பாலான மனிதர்கள் சொல்லாமலேதான் இருந்துவிடுகிறார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
மு. சந்திரசேகர்

அடிவாரம்,
2 பிப்ரவரி 2025

போஸ்ட்மாஸ்டர் சார்,

சுவத்துல ஆணி அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? அதைக் கேக்கவா உங்களுக்கு எழுதுனேன்?

மருந்துக்கடைப் படம் பாத்தேன். கடைசியை முதல்ல பாத்துட்டு, ஆங்காரத்துல போனையே மூடி வெச்சுட்டேன். அப்புறம் மனசு கேக்காம மொதல்ல இருந்து பாத்தேன். அந்தம்மா சமையல் பண்ற காட்சியில பின்னாடி அலமாரியைப் பாத்தீங்களா? மாத்திரை டப்பா அடுக்கடுக்கா இருக்குது, பிரிக்காம. அவளுக்கு மாத்திரையே வேண்டியதில்லைங்க சார். வாங்கிட்டு வாசப்படியில நின்னு திரும்பித் திரும்பிப் பாக்கறா. அந்த மனுசன் சில்லறையை எண்றான்.

நேர்மையான முடிவுன்னு எழுதியிருக்கீங்க. அது முடிவே இல்லைங்க, கடையைச் சாத்தறது.

17ந்தேதி கையெழுத்துன்னு யுவராஜ் நாள் குறிச்சுட்டான். “யோசிச்சுச் சொல்றேன் சாமி”ன்னேன். “உனக்கென்னம்மா யோசனை?”ங்கறான். என்ன யோசனைன்னு பெத்த புள்ளைகிட்ட நான் எப்படிங்க சொல்றது?

எனக்கு முடிவு தெரியோணும். நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சுட்டா மிச்சத்தை நான் நிதானமாப் பாத்துக்குவேன். இந்தத் தடவை நன்மை, தீமையெல்லாம் எழுத வேண்டாம்.

புவனேஸ்வரி

நாகலூர்,
9 பிப்ரவரி 2025

புவனேஸ்வரிக்கு,

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன். வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டாம். மேலே வந்துவிடுங்கள். என்னைத் திருமணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்கிறேன்.

இனி மற்றவை. எனக்கு எழுபது வயது, சர்க்கரை உண்டு, காது கொஞ்சம் மந்தம். பென்ஷன் வருகிறது. சமையல் தெரியும், ரசம் மட்டும் சரியாக வராது. யார் வீட்டில் யார் இருப்பது என்பதை நீங்களே சொல்லுங்கள். எனக்கு ஸ்டூல் போதும். நாம் வெவ்வேறு சாதி ஆட்கள் என்று உங்கள் பக்கத்திலும் பேசுவார்கள், என் பக்கத்திலும் பேசுவார்கள். அதற்கு என்னிடம் பதில் எதுவும் தயாராக இல்லை.

எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைத்து, நேற்று மஞ்சக்குட்டைக்கு ஜீப்பில் போய் என் தங்கை அத்தாயியிடம் விஷயத்தைச் சொன்னேன். களத்தில் காப்பிக்கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“அந்தம்மா என்ன சொல்லுச்சு?”

“இன்னும் கேட்கவில்லை.”

“கேக்கலியா? அவங்களைக் கேக்காமயா எங்கிட்ட வந்து நிக்கறே? நல்லாருக்குதுண்ணா உன்ற போஸ்ட்டாபீசு! ஆருக்கு வந்ததை ஆரு ஊட்ல குடுத்துட்டுப் போறே?”

“உனக்குச் சம்மதமா என்று...”

“எனக்கு என்ன சம்மதம்? நானா கட்டிக்கறேன்? எறங்கிப் போய்ச் சொல்லுண்ணா. தபால்ல போட்டீன்னா ஊட்டுப் பக்கம் வராதே.”

அடுத்து யுவராஜுக்கு எழுதுவதாக இருந்தேன். அதை நிறுத்திவிட்டேன். அவரிடம் நீங்கள் சொல்வதா, நான் சொல்வதா என்பதை உங்கள் பதிலுக்குப் பிறகு பார்க்கலாம்.

ஆகவே இதில் ஸ்டாம்பு ஒட்டவில்லை. நானே பஸ்ஸில் கொண்டுவருகிறேன். உங்கள் எதிரில் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்கே தெரியும். கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் படித்து முடிக்கும்வரை பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். சம்மதம் இல்லையென்றால் பானுவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்கிறேன். சாவியும் கொண்டுவருகிறேன். சம்மதம் என்றால் நீங்களே வாருங்கள்.

படங்களைப் பொறுத்தவரை, திரில்லரில் முடிவை முதலில் பார்ப்பது பற்றிய என் ஆட்சேபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அர்ஜென்டினாப் படம் பற்றி நான் எழுதிய கருத்து தவறு. நேற்றிரவு மறுபடி பார்த்தேன். அந்த மாத்திரை டப்பாக்களையும் பார்த்தேன். கடைக்காரர் பயந்துவிட்டார், அவ்வளவுதான். அதை நேர்மை என்று எழுதியிருக்கக் கூடாது.

சந்திரசேகர்