வரிசையில் முதல் ஆள்

மார்ச் 4

அன்புள்ள கேப்டனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போனில் சொன்னால் "அப்புறம் பேசுறேன்டா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன மாதம் மருமகளுக்கு ஆபரேஷன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். சில நாள் கழித்து ரத்த வங்கியில் கூப்பிட்டு, என் ரத்தம் ஆகாது என்றார்கள். ஹெபடைட்டிஸ் சி. கல்லீரலில் குடியிருக்கிற வைரஸ். எனக்குள் முப்பது வருடமாகவே இருந்திருக்கலாமாம். வலி இல்லை, காமாலை இல்லை. மத்தியானம் தையல் மெஷின் முன்னாலேயே கண் சொருகும். வயசு என்று நினைத்திருந்தேன்.

பச்சை குத்தியதுண்டா, ரத்தம் ஏற்றியதுண்டா, ஊசி எங்கெங்கே போட்டுக்கொண்டீர்கள் என்று டாக்டர் அம்மா கேட்டார். மில் ஃபுட்பால் டீமில் நாம் ஆடிய நாட்கள் ஞாபகம் வந்தன. மேட்ச் நாள் காலையில் கோச் நம் எல்லோருக்கும் ஒரே ஊசியில் சத்து மருந்து போடுவாரே, அதைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மொத்தம் எத்தனை பேரு?"

நீயும் ரத்தம் பார்த்துவிடு. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்,
முயல்

மார்ச் 19

அடேய் முயலுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டுக்காரி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பயப்படவில்லை. மைதானத்தில் மூன்று பேர் துரத்தியே உன்னைப் பிடித்ததில்லை.

எனக்கு எதற்கு டெஸ்ட்? விடிவதற்குள் டிரைவிங் ஸ்கூலைத் திறந்துவிடுகிறேன். நேற்று ஒரு அம்மா பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். பக்கத்து சீட்டிலிருந்து நான்தான் வண்டியை நிறுத்தினேன். சீட் பெல்ட் அழுத்தியதில் தோள் முழுக்க நீலம் கட்டிவிட்டது, அவ்வளவுதான். இந்த நாளில் பெல்ட்டைக்கூட ஒழுங்காகச் செய்வதில்லை. போன வாரம் கார் கதவு லேசாக இடித்ததற்கே தொடையில் இப்படித்தான் ஆனது.

இன்னொன்றை மறந்துவிட்டாய். நான் கேப்டன். ஊசிக்கு வரிசையில் முதல் ஆள். எனக்கு இறங்கியது சுத்தமான ஊசி. பயப்பட வேண்டியவர்கள் பின்னால் நின்றவர்கள். நீ ஊசிக்குப் பயந்து கடைசிக்கு நழுவுவாய். "முன்னால வாடா" என்று அன்றைக்கே சொன்னேன், கேட்டாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கேப்டன்

ஏப்ரல் 6

அன்புள்ள கேப்டனுக்கு,

மருந்து ஆரம்பித்தாயிற்று. தினம் ஒரு மாத்திரை, மூன்று மாதம். அளவுச் சட்டையை வைத்து நான் புதுச் சட்டை வெட்டுகிற மாதிரி, இந்த வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் உட்கார்ந்து தன்னையே வெட்டித் தைத்துக்கொண்டிருக்குமாம். மாத்திரை அதன் கத்தரியைப் பிடுங்கிவிடும். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் அடியோடு போய்விடும் என்றார் டாக்டர் அம்மா. மகன் முதலில் எனக்குத் தனித் தட்டு வைத்தான். இது ரத்தத்தில் பரவுவது, தட்டில் இல்லை என்று அவர் சொன்ன பிறகு அவனே எடுத்துவிட்டான். ஷேவிங் பிளேடு மட்டும் தனி.

இனி உன் வரிசைக்கு வருகிறேன். மேட்ச் முடிந்ததும் அந்த ஊசி எங்கே போகும்? பஞ்சால் ஒரு துடைப்பு, பிறகு கோச்சின் சோப்பு டப்பா. அடுத்த மேட்சுக்கும் அதே ஊசிதான். அது கடைசியாக இறங்கியது என் தோளில். அடுத்து இறங்கியது உன் தோளில்.

நமக்கு நடுவில் யாருமே இல்லை, கேப்டன்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. நான் கேட்கவும் இல்லை. ஆனால் பெல்ட் பட்டு நீலம் கட்டுகிற தோளைப் பற்றி டாக்டர் அம்மாவிடம் சொன்னேன். கல்லீரல் இறுகிப்போனாலும் அப்படி ஆகுமாம். பெல்ட்டைத் திட்டாதே. போய்க் காட்டு.

உன்,
முயல்

மே 11

கேப்டனுக்கு,

பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. கோபத்தோடேயே போய் ரத்தம் கொடு. ஊசி அதையெல்லாம் பார்க்காது.

முயல்

ஜூன் 23

அன்புள்ள முயலுக்கு,

கோபம்தான். முப்பது வருடம் முதல் ஆள் என்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தவனை ஒரே வரியில் உனக்குப் பின்னால் நிறுத்திவிட்டாய். உன் கடிதத்தை வீட்டுக்காரி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போனாலும் நீதான் நிற்கிறாய்.

கடைசியில் எல்-போர்டு காரை எடுத்தேன். இந்த ஊரிலேயே இருக்கிற நம் டீம் பையன்களை வீடு வீடாகப் போய் ஏற்றினேன். இரண்டு நடை அடித்தேன். லெஃப்ட் பேக்காக ஆடியவன் வழியெல்லாம், "கிளட்ச்ச விடுடா, நான் சொல்லித் தரேன்" என்று உயிரை வாங்கினான். லேபில் எல்லோரும் ஒதுங்கி, கேப்டன் முதல்ல என்றார்கள். நான் கடைசியில் போய் நின்றேன். உன் இடம். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும் தெரிகிறது. இத்தனை வருடம் நான் பார்க்காதது.

நாலு பேருக்கு இருக்கிறது. அதில் நான் ஒருவன். கல்லீரல் இறுகிவிட்டது, ஆனால் வேலை செய்கிறது என்றார் டாக்டர். பந்து கோல் கோட்டின் மேலேயே நிற்கிறது, இன்னும் உள்ளே போகவில்லை. நான் கோல்கீப்பர், எனக்குத் தெரியாதா? மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். வைரஸ் போன பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். எடுப்பேன்.

நம் டீமில் ஸ்டாப்பராக ஆடியவன் கல்லீரல் போய்ச் செத்தபோது, குடித்தே செத்தான் என்று எல்லோரும் பேசினோம். அவர் குடிச்சதே இல்ல என்று அவன் மனைவி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நேற்று அவளைப் போய்ப் பார்த்து இந்த ஊசி விஷயத்தைச் சொன்னேன். "நீ அன்னைக்குச் சொன்னதே சரியா இருக்கலாம்மா" என்றேன். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு, "பசங்க வந்ததும் அவங்ககிட்டயும் ஒரு தடவ சொல்லுங்கண்ணா" என்றாள். பையன்கள் வரும்வரை உட்கார்ந்திருந்து சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

உன்,
கேப்டன்

செப்டம்பர் 28

அன்புள்ள கேப்டனுக்கு,

மாத்திரை முடிந்து மூன்று மாதம் ஆயிற்று. இன்று கடைசி ரிசல்ட் வந்தது. ரத்தத்தில் வைரஸ் இல்லை. மத்தியானத் தூக்கத்தையும் காணோம். கடையில் பொத்தான் காஜா எடுக்கிற பெண்தான் பாவம், நான் விழித்தே இருப்பதால் கண் அசர வழியில்லை என்று புலம்புகிறாள்.

உன் ரிசல்ட் டிசம்பரில் வரும். இந்தத் தடவை நான் முன்னால் நிற்கிறேன். பின்னாலேயே வந்துவிடு.

உன்,
முயல்