ட்ராமில் பிள்ளையை விட்ட தாய்மாமன்

மே 12, திங்கள்

காலையிலேயே கொளுத்துகிறது. வண்டியில் கூட்டம். உத்திரமேரூர் – வாலாஜாபாத், வாலாஜாபாத் – உத்திரமேரூர், நடுவில் ஒரு டீ. கண்டக்டர் பிழைப்பு. வியாழக்கிழமை லீவு கேட்டதும் ஓனர் முகத்தைச் சுளித்தார். அக்கா பிள்ளைக்குக் காது குத்து, தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள், நான் இல்லாமல் முடியாது என்றேன். கொடுத்துவிட்டார்.

வாங்க வேண்டியவை: பட்டுச் சட்டை, மாலை, பழத்தட்டு, கற்கண்டு. கம்மல் ஆசாரியிடம்.

அக்காவும் மாமாவும் வியன்னாவிலிருந்து வந்து ஒரு வாரம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கூடம் முழுக்கச் சிரிப்பு. அக்கா மறுபடியும் ட்ராம் கதை. செருப்பைக் கழற்றக்கூட இல்லை, அக்காவின் மாமியார் (இனி அ.மா.) ஆரம்பித்துவிட்டார்: "இன்னா தம்பி, இன்னிக்கி உன் பஸ்ல எத்தினி புள்ளைங்கள வுட்டுட்டு வந்த?"

சாப்பிடவில்லை. பசிதான். ஆனாலும் சாப்பிடவில்லை.

மே 13, செவ்வாய்

புழுக்கம். பட்டுச் சட்டை வாங்கியாயிற்று, கை கொஞ்சம் நீளம்.

ஊரெல்லாம் அக்கா சொல்லும் கதைதான் ஓடுகிறது. நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

போன ஐப்பசி. மாமாவுக்கு வெளியூரில் வேலை, அம்மாவுக்கு முட்டிவலி. அக்காவுக்குத் துணையாக நான் வியன்னா போனேன். அங்கே பஸ்ஸிலும் கண்டக்டர் இல்லை, ட்ராமிலும் இல்லை. எவன் ஏறினான், எவன் இறங்கினான், கேட்க நாதி கிடையாது. முதல் நாள் எல்லோரும் கதவருகில் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள், உள்ளே காலி. எனக்குப் பொறுக்கவில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் கீது பாரு!" தமிழில்தான் கத்தினேன். போனார்கள்! அத்தனை பேரும் போனார்கள். இதை மட்டும் அக்கா யாரிடமும் சொல்வதில்லை.

பிறகு அந்த நாள். அக்கா தூங்கட்டும் என்று கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பார்க்குக்குப் போனேன். திரும்பும்போது ட்ராமில் நெரிசல். பிள்ளையோடு நிற்கிறவனுக்கு எழுந்து இடம் கொடுக்க ஒருத்தனுக்கும் மனசில்லை. எல்லோரும் செல்போனில். ஜன்னலோரம் ஒரு கிழவி. நம் வண்டியில் தினமும் நடப்பதுதான், பிள்ளையை அவர் மடியில் வைத்து "கொஞ்சம் புடிமா" என்றேன். கண்ணாடியைச் சரிசெய்து என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிடித்துக்கொண்டார். அதுவரை சரி.

ஸ்டாப் வந்தது. கதவு திறந்ததும் என் கால் தானாக இறங்கிவிட்டது. ஸ்டாப்புக்கு ஸ்டாப் இறங்கி நின்று, ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, விசில் கொடுத்துவிட்டுக் கடைசியில் ஏறிப் பழகிய கால். கதவோரம் நின்று வழிவிட்டேன். கதவு மூடிக்கொண்டது. ட்ராம் கிளம்பிவிட்டது.

விசிலே கொடுக்கவில்லையே! கண்டக்டர் கீழே நிற்கும்போது எந்த வண்டியாவது கிளம்புமா?

பக்கத் தகரத்தை உள்ளங்கையால் அடித்து, நம் வண்டியை நிறுத்துகிற மாதிரியே "ஓல்டான்! ஓல்டான்!" என்று கத்தினேன். நிற்கவில்லை. தண்டவாளத்தோடு ஓடினேன். ஒரு செருப்பு போயிற்று. உயிரே கையில் இல்லை. அடுத்த ஸ்டாப் பெஞ்சில் அந்தக் கிழவி, மடியில் பிள்ளை. அவருடைய சால்வை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தான். அந்தம்மா திட்டினார் பாருங்கள், மூச்சு விடாமல், அவர் பாஷையில். காலில் விழுந்தேன். அதற்கும் திட்டினார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மே 14, புதன்

கம்மல் வந்தது. சின்னதாக, அழகாக.

சமையலறையில் அம்மா கிசுகிசுத்தாள். அ.மா. சொல்லிவிட்டாராம்: "ட்ராம்ல வுட்டவன் மடியிலயா என் பேரன வெச்சி ஊசி குத்தறது? பெரியப்பா மவன் கோபி கீறான் இல்ல, அவனும் மாமன்தான். அவன் மடியில வையி."

கோபி! வாலாஜாபாத்தில் செல்போன் கடை. தீபாவளிக்குத் தலை காட்டுகிறவன். பிள்ளையின் பெயராவது தெரியுமா அவனுக்கு? சீர்த்தட்டு நான் தூக்க வேண்டும், மடி மட்டும் கோபியுடையதா? அந்தப் பிள்ளைமேல் எனக்கு இருப்பதே இந்த ஒரு உரிமை.

கொல்லையில் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நேராகவே கேட்டேன்.

"நீ சொல்லிச் சொல்லித்தான் இப்டி ஆச்சி. இன்னும் எத்தினி வாட்டி சொல்லிச் சிரிப்ப?"

அவள் திரும்பவில்லை.

"சிரிக்காம சொன்னா அய்துடுவேன்டா. அன்னிக்கி எய்ந்து பாக்கறேன், புள்ளயும் இல்ல, நீயும் இல்ல. போன் பண்ணா எடுக்கல. ஜன்னலாண்டயே நின்னுக்கினு கீறேன். அப்பறம் வர்ற, ஒத்தச் செருப்பு, கால்ல ரத்தம், புள்ளய நெஞ்சோட அமுக்கிக்கினு. உன்னத் திட்டவும் வாய் வரல."

ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கொடியில் மீதியை நான் போட்டேன். கோபம் இன்னும் இருக்கிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மே 15, வியாழன்

வெயில். காற்றே இல்லை. கோயில் மண்டபத்தில் கூட்டம். மொட்டை முடிந்து சந்தனம் பூசியாயிற்று. மணையில் கோபி ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டான், போட்டோவுக்குத் தலை சீவிக்கொண்டு. நான் தூணோரம், தட்டோடு.

பிள்ளையை வாங்க அ.மா. கை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை.

"கோபிண்ணே, எய்ந்துரு."

"இன்னாமா இது, நாலு பேர் எதிர்ல?" என்றார் அ.மா.

"என் தம்பி மடியில குத்தறதுனா குத்துங்க அத்தே. இல்லனா இவன் காது சும்மாவே இருக்கட்டும்."

மாமாதான் வந்து கோபியின் கையைப் பிடித்து எழுப்பினார்.

உட்கார்ந்தேன். அக்கா பிள்ளையை மடியில் வைத்தாள். என் இரண்டு கைகளையும் எடுத்து அவன் வயிற்றைச் சுற்றிக் கோத்துவிட்டாள். ஆசாரி ஊசியை எடுத்தார். ஒரு காது, அலறல். இன்னொரு காது. கம்மல் மாட்டி முடித்த பிறகும் கையை எடு, எடு என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டியிருந்ததாம்.

பிள்ளையைவிட நான்தான் சத்தமாக அழுதேன் என்று அக்கா பந்தியில் எல்லோருக்கும் நடித்துக் காட்டுகிறாள். அ.மா. இலையைப் பார்த்துச் சிரிக்கிறார். சுத்தப் பொய். பிள்ளைதான் சத்தமாக அழுதான்.