சம்பளம் கேட்ட நோட்டு

ஜனவரி 4, சனி

இன்று காலை எங்கள் கரும்புக் கொல்லையில் ஒரு ட்ரோனை மண்வெட்டியால் வெட்டிப் போட்டார்கள்.

களைக்கொல்லி தெளிக்க அப்பா வரச் சொல்லியிருந்தார். ஓட்ட வந்தவர் ஒரு பெண். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்காரர், பெயர் அம்சவள்ளி. வானூர்திப் பொறியியல் படித்தவர் என்று அப்பா சொன்னதும் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் படிக்க நினைப்பது அதைத்தானே.

காற்று திரும்பியது. மருந்து பக்கத்துக் கொல்லை அய்யப்பனுடைய சாமந்தியில் விழுந்துவிட்டது. ட்ரோன் தரையிறங்குவதற்குள் அவர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். முதல் அடியில் ஒரு இறக்கை தெறித்து அவர் கையையே கிழித்தது. ரத்தம் சொட்டச் சொட்ட அடித்தார். தடுக்கப் போன அம்சவள்ளி அக்காவைப் பிடித்துத் தள்ளினார். வரப்புக் கல்லில் பட்டு அக்காவின் உதடு கிழிந்தது.

எல்லாரும் போன பிறகு அக்கா துண்டுகளைப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். பிறகு கேட்டேன்: “அக்கா, உங்க சம்பளம் எவ்ளோக்கா?”

“இன்னா நேரத்துல இன்னா கேக்கற பாரு!” சிரித்தார். சிரித்ததில் உதட்டில் மறுபடி ரத்தம்.

மாத இறுதியில் கள்ளக்குறிச்சியில் பள்ளிகளுக்கான கண்காட்சி. தலைப்பு ‘நான் விரும்பும் வேலை’. அந்த வேலையில் இருக்கும் மூன்று பேரிடம் ஐந்து கேள்வி கேட்டு எழுத வேண்டும். என்ன படித்தீர்கள், என்ன செய்கிறீர்கள், சம்பளம் எவ்வளவு, ஆபத்து என்ன, உங்கள் தங்கையை இதில் சேர்ப்பீர்களா.

அக்கா சொன்னவை: சம்பளம் பதினெட்டாயிரம். “ட்ரோன் ஒடஞ்ச மாசத்துக்கு எவ்ளோன்னு இனிமேதான் தெரியும்.” ஆபத்து: “பாத்துக்கினுதானே இருந்த.” பிறகு சொன்னார்: “எடுத்ததுமே ஏரோ எடுக்காத. நான் எடுத்துட்டு பெங்களூர்ல ஏறி எறங்காத ஆபீஸ் இல்ல. எல்லா எடத்துலயும் மேல்படிப்பு கேக்கறாங்க. நீ மெக்கானிக்கல் எடு. அதுலேந்து ஃபேக்டரிக்கும் போலாம், அப்பறமா மேல படிச்சி ஏரோவுக்கும் போலாம்.”

ஐந்தாவது கேள்வி: “என் தங்கச்சியா? நர்ஸிங் சேத்துட்டேன்.”

ஜனவரி 11, சனி

தியாகதுருகம், கொளஞ்சியப்பன் லேத் பட்டறை. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். “சம்பளம்லாம் கெடையாது. மிஷின் ஓடினா சோறு.” ஆபத்து என்ன என்று கேட்டதும் இடது கையைத் தூக்கிக் காட்டினார். “எண்ணிக்கோ.” மூன்று விரல்.

பேசிக்கொண்டே ஒரு ஸ்பானரை எடுத்து உள்ளே எறிந்தார். வேலையாள் குனிந்துகொண்டார்; பழக்கம் போல. சுவரில் ஸ்பானர் பட்ட குழிகள் இருந்தன. எண்ணினேன். பதினொன்று.

ஐந்தாவது கேள்வி: “பொம்பளப் புள்ளைக்கு லேத்தா? போய் கரும்பு வெட்டச் சொல்லு. வெரலாச்சும் மிஞ்சும்.”

இரண்டு பேர் ஆயிற்று. இரண்டும் ‘இல்லை’.

ஜனவரி 15, புதன்

அண்ணன் பொங்கலுக்கு வந்திருக்கிறான். பாண்டியன், பி.ஈ. மெக்கானிக்கல், ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. மாதம் நாற்பத்தைந்தாயிரம். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும், அப்பா சொல்லாத ஆள் இல்லை. அதை வைத்துத்தான் எலவனாசூர்கோட்டையில் ரம்யா அண்ணியைப் பேசியிருக்கிறார்கள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி நிச்சயம்.

மூன்றாவது ஆள் வீட்டிலேயே இருக்கிறானே என்று நோட்டை நீட்டினேன். முதல் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னான். மூன்றாவதைப் படித்ததும் என் காதைப் பிடித்துத் திருகினான். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். விடவில்லை. கம்மல் சதையில் ஏறி ரத்தம் வந்த பிறகுதான் விட்டான்.

மாலை, அவன் பையிலிருந்த அழுக்குத் துணிகளை எடுக்கச் சொன்னாள் அம்மா. கால்சட்டைப் பையில் ஒரு சம்பளச் சீட்டு. ஒப்பந்தக்காரர் கொடுத்தது. ‘ஒப்பந்த ஆபரேட்டர்.’ கைக்கு வருவது 17,340.

மூன்று முறை படித்தேன். நான்கு வருடம் பி.ஈ. படித்துவிட்டு ஆபரேட்டரா?

பெயர் போடாமல் எழுதலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். தகவல் மட்டும் உண்மையாக இருந்தால் போதுமாம். சீட்டை நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

இரண்டாம் பரிசு!

நகலில் அண்ணன் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு அட்டையில் ஒட்டியிருந்தேன். ‘தகவல்: என் அண்ணன்.’ கீழே என் பெயர், அப்பா பெயர், ஊர். ஐந்தாம் கேள்விக்கு எதிரே அண்ணனுடைய கட்டம் மட்டும் காலி.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வெகுநேரம் நின்று படித்தார். “உன் சொந்த அண்ணனா பாப்பா?” என்றார். “ஆமாங்க, கூடப் பொறந்தவரு” என்றேன், பெருமையாக. போனில் படம் எடுத்துக்கொண்டார். இவ்வளவு அக்கறையாக வேறு யாரும் படிக்கவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும்.

வெள்ளைச் சட்டைக்காரர் ரம்யாவின் தாய்மாமன். பெயர் பிச்சைமுத்து.

பெண் வீட்டார் வேனில் வந்தார்கள். தட்டு எதுவும் இல்லை. ஆண்கள் மட்டும். பந்தலுக்குள் வந்ததும் பிச்சைமுத்து போனைத் திறந்து அப்பா முகத்துக்கு நேரே பிடித்தார்.

“நாப்பத்தஞ்சாயிரம்னு சொன்னீங்களே, இது யாரு வூட்டு சீட்டு?”

“அது வேற யாருதோ...” என்றான் அண்ணன்.

“உன் தங்கச்சியே சொல்லிச்சிப்பா. கூடப் பொறந்தவருன்னு.”

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தான். ஐயோ, அந்தப் பார்வை.

அவன் முதலில் கை நீட்டினான், பிச்சைமுத்துவின் சட்டையைப் பிடித்தான். அவ்வளவுதான். நான்கு பேர் அவன்மேல் விழுந்தார்கள். இரும்பு நாற்காலியை மடக்கி அடித்தார்கள், ஒரு முறை இல்லை. தலையை மறைக்கக் கையைத் தூக்கினான், நாற்காலி வலது மணிக்கட்டில் இறங்கியது. கரும்புக் கணு ஒடிகிற சத்தம். அப்பா கரும்பு வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார், அம்மா அவர் காலைக் கட்டிக்கொண்டு மண்ணில் இழுபட்டுக்கொண்டே வந்தாள். “வாணாங்க, வாணாங்க!” கத்தி வேன் கண்ணாடியில் பட்டது. கழுத்தில் பட்டிருந்தால்?

பந்தல் கால் சாய்ந்து வாழைமரம் சாம்பார் அண்டாவில் விழுந்து கிடக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

பொய் சொன்னது அண்ணன். எழுதி மாட்டினது நான். இதில் தப்பு யார்மேல்?

பிப்ரவரி 10, திங்கள்

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். இடது கையால் பெல்ட்டை உருவினான். எட்டு அடிவரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

“படிப்பு வருதுன்னு ஆடறியா? எல்லாத்தையும் எழுதுவியா? எழுது, இதையும் எழுது!”

எழுதுகிறேன்.

நோட்டை அடுப்பில் போட்டான். இந்த நாட்குறிப்பு இயற்பியல் புத்தகத்தின் அட்டைக்குள் இருந்தது, தப்பித்தது. அம்மா என் முதுகில் மஞ்சள் வைத்துவிட்டாள். அப்பா சொன்னார்: “பரீச்சைய எழுதிட்டு நின்னுக்க. படிச்சது போதும்.”

பிப்ரவரி 21

அண்ணன் இடத்துக்கு ஒப்பந்தக்காரர் வேறு ஆள் போட்டுவிட்டார். நான்காவது நாளே போட்டுவிட்டாராம்.

மே 8, வியாழன்

பிளஸ் டூ முடிவு வந்தது. கணிதம் 97, இயற்பியல் 94, வேதியியல் 92. கட்-ஆஃப் 190. யாரிடமும் சத்தமாகச் சொல்லவில்லை.

டீச்சர் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். “இன்னாவோ பண்ணுங்க” என்று அப்பா எழுந்து போய்விட்டார். கலந்தாய்வுக்கு டீச்சரே பதிவு செய்தார். பள்ளிப் பதிவேட்டில் இருந்த போன் எண்ணைக் கொடுத்திருக்கிறார். அது அண்ணன் எண்.

பிப்ரவரிக்குப் பிறகு அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜூன் 23

அண்ணனின் மணிக்கட்டு கோணலாகக் கூடியிருக்கிறது. இனிமேல் முழுதாகத் திரும்பாதாம். கொளஞ்சியப்பன் பட்டறையில்தான் வேலைக்குப் போகிறான். இன்று நெற்றியில் வீக்கத்தோடு வந்தான். அவன் இன்னும் குனியப் பழகவில்லை.

ஜூலை 16, புதன்

கல்லூரிகளை வரிசைப்படுத்தி உறுதி செய்ய இன்று மாலை ஐந்து மணி கடைசி. பட்டறைக்கு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சரும் நானும் உட்கார்ந்திருந்தோம். அம்சவள்ளி அக்கா சொன்னபடி முதல் ஆறும் மெக்கானிக்கல், அரசுக் கல்லூரிகள். பிறகுதான் ஏரோ. உறுதி செய்ய ஆறு இலக்க எண் கேட்டது. அது அண்ணன் போனுக்குத்தான் போகும்.

நாலு முப்பத்தெட்டுக்குத் தெருவைத் தாண்டினேன். முதுகு தானாகவே கூசியது.

அவன் லேத்தில் நின்றிருந்தான். போன் ஸ்டூலில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தான்.

“இன்னா படிப்பு?”

ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

“மெக்கானிக்கல்ண்ணா.”

“கம்மி சம்பளம்டி.”

“தெரியும்ண்ணா. பதினேழாயிரத்து முந்நூத்தி நாப்பது.”

வாயிலிருந்து வந்துவிட்டது. எனக்கு அறிவே இல்லை.

அவன் ஸ்பானரை எடுத்தான். நான் குனிந்தேன். என் தலைக்கு வெகுதூரம் தள்ளி, சுவரில் போய் அடித்தது, காரை உதிர்ந்தது. கொளஞ்சியப்பன் உள்ளேயிருந்து, “டேய், அது என் சுவருடா! நான்தான்டா அடிப்பேன்!” என்று கத்தினார். அண்ணன் மூச்சு வாங்க நின்றான். பிறகு எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். ஒவ்வொரு இலக்கமாக, நான் உள்ளங்கையில் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து காத்திருந்து சொன்னான்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு உறுதியானது.

நோட்டு எரிந்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி 5. உங்கள் தங்கையை இந்தப் படிப்பில் சேர்ப்பீர்களா?

அம்சவள்ளி: இல்லை.
கொளஞ்சியப்பன்: இல்லை.
பாண்டியன்: 4 0 7 1 9 2.