அக்கா, நீ பொறுக்கியெடுத்த டயர்கள்

நேற்று வேலூரில் ஒரு டயர் கடைக்குள் நுழைந்தேன், அக்கா. புது ரப்பர் வாடை முகத்தில் அடித்ததும் கணுக்காலில் பழைய தழும்பு சுருக்கென்றது. "இன்னா சைஸ் மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார். நீ இருந்திருந்தால் அவர் கேட்டு முடிப்பதற்குள் ஏதாவது ஒரு டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்திருப்பாய்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகள் அவை. நெடுஞ்சாலையை நான்கு வழியாக்குகிறோம் என்று வழியெல்லாம் மண்ணைக் கொட்டி வைத்திருந்தார்கள். நீ ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாய். நான் உங்கள் வீட்டில் தங்கிப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் மாமாவும் பழைய கார் ஒன்றை வாங்கினீர்கள். சின்ன வெள்ளை வண்டி; டிக்கி கதவைத் தூக்கினால் பின்சீட்டு தெரியும். பழைய உரிமையாளர் போட்டிருந்த டயரில் பள்ளமெல்லாம் ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் வருடக்கணக்கில் ஓடாமலே நின்று ரப்பர் இறுகிப்போயிருந்தது.

மாதனூர் தாண்டி ஒரு மழை நாளில் அது நமக்குத் தெரிந்தது. முன்னால் போன தோல் லாரி திடீரென்று நின்றது. நீ பிரேக்கை மிதித்தாய். சக்கரம் நின்றுவிட்டது, வண்டி நிற்கவில்லை. நனைந்த தோலின் நாற்றம் கண்ணாடிக்கு மிக அருகில் வந்த பிறகுதான் நின்றோம். நீ கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாய்.

அந்த வாரமே மூன்று பேரும் வேலூருக்குப் போனோம். கடைக்கார பாய் மாமாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"நூத்தி எண்பத்தஞ்சு அறுபது போடுங்க சார். வண்டி சும்மா கும்முனு நிக்கும்."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. கம்பெனி வாசலில் கார் நிற்கும் அழகை அவர் அப்போதே பார்த்துவிட்டார். "அதையே போட்ருங்க பாய்."

"இந்த ரிம்மு எவ்ளோ அகலம் பாய்?" என்று நீ கேட்டாய்.

"நாலரை இஞ்சும்மா."

"அதுல நூத்தி எண்பத்தஞ்ச திணிச்சா டயரு பிதுங்கிக்கினு நிக்கும். வளைவுல சைடு நெளியும். பின்னாடி ஆள் ஒக்காந்தா மேல தகரத்துல உரசும்."

பாய் மறுக்கவில்லை. "உரசுறது உண்டும்மா. ஆனா பசங்க அதத்தான் கேக்குறாங்க."

மாமாவுக்கு முகம் சுருங்கியது. "அப்போ பழைய சைஸே போடு. எதுக்கு இந்தப் பேஜாரு?"

பழையது நூற்று ஐம்பத்தைந்து எழுபது. முதல் எண் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் இத்தனை சதவீதம் உயரம் என்று முந்தின நாள் சாப்பிடும்போதுதான் எனக்குச் சொல்லியிருந்தாய். அகலத்தைக் கொஞ்சம் கூட்டி, உயரச் சதவீதத்தைக் கொஞ்சம் குறைத்தால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், வேகமுள் பொய் சொல்லாது. "நூத்தி அறுபத்தஞ்சு அறுபத்தஞ்சு குடுங்க பாய். இந்த ரிம்முக்கு அதுக்கு மேல அகலம் ஆவாது" என்றாய்.

அந்த அளவில் இரண்டு வகை இருந்தது. ஒன்று பல வருடம் உழைக்கும் கெட்டி ரகம். இன்னொன்று வேகத்துக்கும் ஈரச் சாலைக்கும் என்று செய்த மெத்து ரகம். தண்ணீர் வழிந்தோட அதில் அகலமான வாய்க்கால்கள் வெட்டியிருந்தார்கள். நீ இரண்டையும் நகத்தால் அழுத்தினாய். மெத்து ரகத்தைக் காட்டினாய்.

"சீக்கிரம் தேஞ்சிடும்மா," என்றார் பாய். "விலையும் ஜாஸ்தி."

"தேயட்டும் பாய். ஷூ சோலும் அப்டித்தான். கல்லு மாதிரி இருந்தா வருஷக்கணக்கா வரும், ஈரத் தரையில ஆள சாய்ச்சிடும்."

ஆம்பூர் வரும்வரை மாமா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகும் பல வாரம் வீட்டில் அந்தப் புகைச்சல் இருந்தது. கார் சாவியை எடுக்கும்போதெல்லாம், "உங்க அக்காவோட சீமாட்டி டயரு தேஞ்சிடப் போவுது, நடந்தே போலாம் வா" என்பார் என்னிடம். நீ அடுப்படியில் பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைப்பாய்.

அந்த மனத்தாங்கலைத் தீர்க்கத்தான் ஏலகிரிக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். மலைமேல் ஒரு வீட்டில் ஒரு ராத்திரி தங்கினோம். மறுநாள் காலையில் தூறல். வாசற்படியோரம் கிடந்த செருப்பை எடுக்கக் குனிந்தேன். கணுக்காலில் ஊசி ஏறியது போலிருந்தது. கல்லிடுக்கில் படம் சுருங்கி உள்ளே போனதை மூன்று பேருமே பார்த்தோம். நல்ல பாம்பு.

பக்கத்து வீட்டுக்காரர் கயிறும் பிளேடுமாக ஓடிவந்தார். "வெட்டி ரத்தத்த வுட்றணும்மா!"

"கிட்ட வராதீங்க!" நீ அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. குடையை என் காலோடு சேர்த்து என் துப்பட்டாவால் சுற்றி, கால் அசையாதபடி செய்தாய். மாமா என்னைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி, காலை மடியில் பிடித்துக்கொண்டார்.

இறங்கத் தொடங்கினாய். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சாலையில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் வேகத்தை அடக்கி, திருப்பத்தில் பிரேக்கைத் தொடாமல், வெளியே வந்ததும் மறுபடி வேகமெடுத்தாய். மாமா பொறுக்க முடியாமல், "மெதுவாப் போ, வழுக்கிடப் போவுது" என்றார்.

"அவள மட்டும் புடிங்க."

எனக்கு இமை கனத்தது. விரலால் தூக்கினாலும் நிற்கவில்லை.

"பாப்பா, தூங்காத. ரோடு தெரியுதாடி?"

"ரெண்டு ரோடு தெரியுதுக்கா."

நீ கியரை மாற்றினாய். எஞ்சின் சத்தம் உயர்ந்தது.

பாதி மலையில், ஒரு வளைவு திரும்பியதும் எதிரே பேருந்து, சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு. நீ மிதித்தாய். மாதனூரில் சறுக்கிய அந்தச் சறுக்கலுக்கு என் உடம்பு முழுவதும் காத்திருந்தது. மாமா "இயேசுவே" என்றார். டயர்கள் அடித்தொண்டையில் முனகின. முகப்பு தாழ்ந்தது. வண்டி நேராக நின்றது. பேருந்துக்காரர் என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கத்தாமல் பின்னால் எடுத்து வழிவிட்டார்.

அடிவாரம் வரும்போது எச்சில் விழுங்க வரவில்லை. திருப்பத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தது நினைவிருக்கிறது. மருந்து ஏறியது, மூச்சுக்குக் குழாய் வைத்தது, பிறகு வேலூருக்குக் கொண்டுவந்தது எல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா மூச்சு நின்னிருக்கும்" என்று டாக்டர் சொன்னாராம்.

கண் திறந்து பார்க்க முடிந்த நாளில் மாமா கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். "பின்னாடி நம்ம ரெண்டு பேரு வெயிட்டு. உன்ன உள்ள கொண்டுபோனப்பறம் வந்து சக்கரத்துக்கு மேல பாத்தேம்மா. ஆள் எறங்குனப்பறமே விரல் நுழையற எடந்தான் இருந்துச்சி. அந்த அகல டயரப் போட்டிருந்தா..." எழுந்துபோய் உனக்கு டீ வாங்கி வந்தார்.

நீ பயந்தாயா என்று பிறகு கேட்டேன். "பயப்படாம? டயரு புடிக்கும்னு கண்ண மூடிக்கினு எறங்கலடி. ஒவ்வொரு வளைவுலயும் எவ்ளோ புடிக்குதுன்னு ஸ்டீயரிங்க கேட்டுக்கினேதான் எறங்குனேன்" என்றாய்.

அடுத்த வருடம் நானும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நீ இடப்பக்கம் உட்கார்ந்தால், எனக்கு முன்பே உன் வலது கால் கீழே மிதியடியை அழுத்தும். இல்லாத பிரேக்கை மிதிப்பாய். நான் சிரித்தால் கோபம் வரும். வருடங்கள் போயும், வேறு கார் வந்தும் அந்தக் கால் அடங்கவில்லை. நோய் வந்து வாராவாரம் சிகிச்சைக்கு உன்னை வேலூருக்கு அழைத்துப்போன நாட்களிலும், இளைத்துப்போன அந்தக் கால் ஒவ்வொரு லாரிக்கும் மிதித்துக்கொண்டே வந்தது.

ஒரே ஒரு நாள் மட்டும் அப்படி இல்லை. பள்ளிகொண்டா தாண்டியதும் நல்ல மழை பிடித்துக்கொண்டது. லாரிகள் தண்ணீரை வாரி அடித்தன. ஏதாவது சொல்வாய் என்று திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அந்தக் கால் அசையாமல், நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போது வந்த பயம் பாம்பு கடித்தபோதுகூட வரவில்லை. வேகத்தைக் குறைத்தேன். பள்ளம் பார்த்து ஓட்டினேன். பிரேக்கை மிதிப்பதே தெரியாமல் மிதித்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் விழித்தாய். "அதுக்குள்ள வந்துட்டமா? தெரியவே இல்லடி" என்றாய்.

அடுத்த வாரப் பயணத்துக்கு நீ இல்லை.

இப்போது அந்தச் சாலையில் பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன், அக்கா. மழை வந்தால், பக்கத்து சீட்டில் தூங்குகிறவள் விழித்துவிடக்கூடாது என்றுதான் இன்னமும் ஓட்டுகிறேன்.