ஒன்றே முக்கால் சதவீதம்

மார்ச் 4
இரண்டு புரோட்டான் கற்றைகள் எவ்வளவு நெருக்கமாக மோதிக்கொள்கின்றன என்று கணக்கிடுவது என் வேலை. அதற்கு ஒளிர்வு என்று பெயர். எங்கள் அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது. எங்கள் எண்ணால் வகுத்துத்தான் இந்தக் கட்டிடத்தில் எல்லாரும் முடிவு சொல்கிறார்கள். காப்பி எந்திரத்தருகே பார்த்தால் மட்டும், யாரோ எவரோ என்று ஒரு சிரிப்பு.

மார்ச் 9
கோட்பாடு சொல்வதைவிட இரண்டு சதவீதம் கூடுதலாகத் துகள் உண்டாகிறதாம், என் வீட்டுக்காரர் இருக்கும் குழு கண்டுபிடித்திருக்கிறது. அவர்கள் தலைவர் அன்றிலிருந்து கோட்டு போட்டு வருகிறார். மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். வீட்டில் சொன்னபோது இவர் சிரிக்கவில்லை. ஜூனில் இவருடைய ஒப்பந்தம் முடிகிறது. கட்டுரை வெளிவந்தால்தான் நீட்டிப்பு.

மார்ச் 10
மாப்பிள்ளை லிஃப்ட் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டார்.

மார்ச் 17
கற்றைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, மோதல் எப்படிக் குறைகிறது என்று பார்த்துத்தான் அவற்றின் அகலத்தை அளப்போம். விலக்கும் காந்தம் சொல்லும் தூரத்துக்கும் கற்றை உண்மையில் நகரும் தூரத்துக்கும் ஒன்றே முக்கால் சதவீதம் வித்தியாசம். அந்தத் திருத்தத்தை நான் போட்டிருக்கிறேன். கட்டுப்பாட்டு அறைக்காரரும் இந்த வருடம் முதல் போட்டே அனுப்புகிறாராம். ஜனவரியிலேயே கடிதம் எழுதியிருக்கிறார். அவர் எழுதினால் புராணம் என்று கிண்டலடித்து, பிரிக்காமலே ஒதுக்கி வைத்தவள் நான். ஆளுக்கொரு தடவை உப்புப் போட்ட சமையல். அகலம் கூடியது, ஒளிர்வு குறைந்தது, வகுத்தவர்களுக்கெல்லாம் துகள் கூடிவிட்டது. அந்த இரண்டு சதவீதத்தில் ஒன்றே முக்கால் நான்தான் — ஐயோ, இதை இவர்கிட்ட எப்படிச் சொல்றது?

மார்ச் 18
சொன்னேன். இவர் கழுவிய தட்டையே திரும்பக் கழுவினார்.
“வேற யாருக்குத் தெரியும்?”
“யாருக்கும் தெரியாது.”
“வெள்ளிக்கிழமை கட்டுரை போயிடும். ஜூலையில சொல்லக்கூடாதா?”
கேட்டது இவர்தானா என்று பார்த்தேன். நேற்றிலிருந்து நானும் அதைத்தானே யோசித்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 19
என் தப்பை எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 20
கூட்டத்தில் மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னார். கோட்டு இல்லை. எங்கள் தலைவருக்கோ வாயெல்லாம் பல். இத்தனை வருடத்தில் எங்கள் குழுவை ஊரே பேசுவது இப்போதுதான். என் நேர்மைக்குக் கைதட்டல் வேறு. தப்புச் செய்தவளுக்கு இவ்வளவு மரியாதை என்று தெரிந்திருந்தால் முன்னாலேயே நாலைந்து செய்திருப்பேன். இவர் பின்வரிசையில் இருந்தார். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜூன் 30
எனக்கு ஐந்து வருட நீட்டிப்பு. கடிதத்தில் ‘பொறுப்புணர்வு’ என்று எழுதியிருக்கிறார்கள். இவர் வாங்கிப் படித்துவிட்டு, நல்லா எழுதியிருக்காங்க என்றார். இவருக்கு வேறு ஊரில், ரயிலில் எட்டு மணி நேரம் தள்ளி, பள்ளிக்கூட வேலை கிடைத்திருக்கிறது. எத்தனை பெட்டி எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டார்.
“ஒண்ணு போதுமே. சனி ஞாயிறு வந்துடுவீங்கல்ல?”
இரண்டு எடுத்துக்கொண்டார்.